கீழே கோடிருந்தால் நாக்கை மடியுங்கள்

மல்லாவியிலிருந்து ஒரு வாசகி எழுதுகிறார்: "அவுஸ்திரேலியாவில் அலிஸ் ஸ்பிரிங்ஸில் இருக்கும் என் கணவரிடம் போகப்போகிறேன். அங்கே முதியோர் இல்லம் ஒன்றில் எனக்கு வேலை பார்த்து வைத்திருக்கிறார். இல்லத்தில் இருக்கும் பழங்குடி அம்மாமார், ஐயாமார் சிலர் பிச்சன்சச்சர மொழிதான் பேசுவார்களாம். சொற்களும் இடப்பெயர்களும் கொண்ட பட்டியல் ஒன்று வந்திருக்கிறது. ஆங்கில எழுத்துத்தான், ஆனால் சில எழுத்துகளுக்குக் கீழே கோடு போட்டிருக்கிறது. கேட்டுப் பழக இங்கே ஒருவரும் இல்லை. தமிழில் எழுதிவைத்துப் பாடமாக்கலாமா?"

தாராளமாகச் செய்யுங்கள், தங்கச்சி. அந்த மொழிக்கு ஆங்கில வழியாகப் போவதைவிடத் தமிழ் வழியாகப் போவதே சுகம். அதில் மெய்யொலிகள் 17. அவற்றில் 16-க்கு நம்மிடம் அதே ஒலியோ, மிக நெருங்கிய ஒலியோ உண்டு. உயிரில் அ, இ, உ மூன்றும் அவற்றின் நெடில்களும் மட்டுமே. எகரமும் ஒகரமும் கிடையாது. ஸ, ஹ, ஃப போன்றவையும் இல்லை. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் னகர, ணகர வேறுபாட்டிலேயே மாதக்கணக்கில் திணறுவார்கள். உங்களுக்கு அது அரிவரியில் முடிந்த பாடம்.

கோட்டின் கதை இதுதான்: கோடு இருந்தால் நாக்கு நுனியை மேலே மடிக்க வேண்டும். கோடில்லாத 'என்' நம் ன, கோடிட்டது ண. 'எல்' ல, கோடிட்டது ள. 'ஆர்' ர, கோடிட்டது ழ. 'ரி' (t) எழுத்தில்தான் ஈழத்தவருக்கு ஒரு அதிர்ஷ்டம். கோடிட்ட 'ரி' ஒட்டுசுட்டானில் வரும் ட்ட. கோடில்லாதது, நாம் 'பற்றறி', 'கிலோமீற்றர்' என்று சொல்லும்போது வரும் ற்ற. தமிழ்நாட்டில் பலர் ற்றவை 'ட்ர' போலச் சொல்லுவதால் அவர்களுக்கு இது தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும். உலுழுவுக்குப் பக்கத்தில் உள்ள குவிமாடப் பாறைகளின் பெயரைக் 'கற்ற ச்சுட்ட' என்று எழுதிவைத்து வாசியுங்கள். இரண்டு 'ரி'யும் அதிலேயே வந்துவிடும்.

'உலுழு' அச்சுப்பிழை இல்லை. 1873-இல் வந்த வெள்ளைக்காரர் 'அயர்ஸ் றொக்' என்று பெயர் வைத்த அதே செம்பாறைதான். அதில் வரும் 'ஆர்' கீழே கோடு உள்ளது, ஆகவே ழ. ஆனால் எங்கட பக்கப் பேச்சில் மழை 'மளை'யாகவும் வாழை 'வாளை'யாகவும் போய்விடுகிறதே, இங்கே அது செல்லாது. அந்த மொழியில் ளகரமும் தனியாக இருக்கிறது. 'மளை' என்னும்போது நாக்கு நுனி மேலண்ணத்தில் ஒட்டுகிறது. அதே மடிப்போடு, ஒட்டவிடாமல் ஒரு மயிரிழை கீழே நிறுத்திக் காற்றை விடுங்கள். ரகரத்தோடும் கலக்காதீர்கள். 'வழு' நெருப்பு, 'வரு' பாறைகளில் வாழும் சிறிய வொலபி, கங்காரு இனம்.

தமிழ் உங்களைக் கவிழ்க்கக்கூடிய இடங்களும் உண்டு. முதலாவது, 'என்'னும் 'ஜி'யும் சேர்ந்து வந்தால் அது தனி ங மட்டுமே. அம்மக்கள் தங்களைக் குறிக்கும் பெயர் 'அண-ஙு'. மாங்குளத்தில் வருகிற ங்குவை அதில் போட்டால் பிழை. அவர்களிடமும் ங்க உண்டு, ஆனால் அப்போது 'என்', 'ஜி', 'கே' என்று மூன்றெழுத்து வரும். பெண்ணைக் குறிக்கும் 'குங்க' அப்படி. ங சொல்லின் முதலிலும் வரும்: ஊர், இருப்பிடம் எல்லாம் 'ஙுர'. ஙப்போல் வளை என்று படித்ததற்கு இப்போதுதான் வேலை வந்திருக்கிறது. வாயை மூடாமல் 'ங்ங்ங்' என்று இழுத்து, அப்படியே உகரத்துக்குள் போங்கள்.

இரண்டாவது, உயிர்களுக்கு நடுவில் வரும் க, ப, ச எல்லாவற்றையும் நாம் மெலிய விட்டுவிடுகிறோம். முன்னோர் கதைகளையும் அவர்கள் வகுத்த சட்டத்தையும் குறிக்கும் 'ச்சுக்குர்ப்ப' என்பதை 'சுஹுர்ப' ஆக்கிவிடாதீர்கள். தமிழில் வன்மை காட்ட இரட்டித்து எழுத வேண்டியிருக்கிறது. எழுதுங்கள், ஆனால் சொல்லும்போது ஒற்றை மெய்யின் நேரமே கொடுங்கள். 'ரி'யும் 'ஜே'யும் சேர்ந்து வந்தால் சாப்பாட்டில் வரும் ச அல்ல, பச்சையில் வரும் ச்ச. நாக்கு நுனி கீழ்ப்பல்லின் பின்னால் படுத்திருக்கட்டும்.

மூன்றாவது, ஈற்று உகரம். ஆறு, வீடு என்பதில் நாம் உதட்டைக் குவிப்பதே இல்லை. உலுழுவிலும் அணஙுவிலும் 'பசு', 'திரு' மாதிரி முழுதாகக் குவிக்க வேண்டும். அழுத்தம் எப்போதும் முதல் அசையில்.

தமிழில் இல்லாத ஒன்று, 'எல்'லும் 'வை'யும் சேர்ந்த ஒலி. 'நல்லது', 'சரி' என்று எங்கும் காதில் விழும் 'பல்ய'வில் அது வருகிறது. ல், ய் என்று இரண்டாகப் பிரிக்காமல், ஞகரத்துக்கு நாக்கை வைக்கும் இடத்தில் வைத்து லகரத்தைச் சொல்லிப் பாருங்கள். முதலில் கோணலாகத்தான் வரும்.

மொழியின் பெயரையே அவர்கள் வேகத்தில் ஒரு 'ச்ச' குறைத்து 'பிச்சன்சர' என்பார்கள். நீங்களும் அப்படியே சொல்லலாம்.

ஒலிகள் இவ்வளவு பொருந்துவதைக் கேட்டதும் யாராவது 'அப்ப அவங்களும் தமிழர்தான்' என்று தொடங்குவார்கள். கால்டுவெல்லே 1856-இல் சில ஒற்றுமைகளைச் சுட்டியிருக்கிறார். ஆனால் உறவு இருப்பதாக மொழியியலில் நிறுவப்படவில்லை. அங்கே போய் அதைச் சொல்ல வேண்டாம்.

இன்னும் ஒன்று. அலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரம் இருப்பது அரண்டா மக்களின் மண்ணில். உலுழு அங்கிருந்து தெருவழியாகச் சுமார் 450 கிலோமீற்றர். ஆகவே இல்லத்தில் இருக்கும் எல்லோருக்கும் இந்தப் பட்டியல் பொருந்தாது. அரண்டாவின் ஒலிகளும் எழுத்துமுறையும் வேறு, கடினமும் கூட. யார் எந்த மொழி என்று முதலில் கேளுங்கள். மருந்து, வலி, சம்மதம் பற்றிய பேச்சுக்கு உங்கள் உச்சரிப்பை நம்பாமல், வட பிராந்திய அரசின் பழங்குடி மொழிபெயர்ப்பாளர் சேவையை அழைக்கச் சொல்லுங்கள். அண்மையில் இறந்தவரின் பெயரை அவர்கள் வாயால் சொல்வதில்லை, அதே பெயருள்ள மற்றவரையும் வேறு பெயரால்தான் கூப்பிடுவார்கள். எந்தெந்தப் பெயர்களை இப்போது தவிர்க்க வேண்டும் என்று வேலையில் சேரும் அன்றே அங்குள்ள பழங்குடி ஊழியர் ஒருவரிடம் கேட்டுவையுங்கள்.