மகளிர் நலம்: எது இயல்பான முடி?

என் மகளுக்கு 13 வயது. முன்கையிலும் காலிலும் கறுகறுவென்று முடி. பள்ளியில் கேலி செய்கிறார்கள் என்று நீச்சல் வகுப்புக்கே போக மறுக்கிறாள். ஹார்மோன் கோளாறாக இருக்குமோ? (வாசகி, சாட்ஸ்வர்த், தென்னாப்பிரிக்கா)

நீங்கள் சொல்லும் இரண்டு இடங்களையும் மருத்துவர்கள் கணக்கிலேயே எடுப்பதில்லை. முன்கை, முழங்காலுக்குக் கீழே வளரும் முடி ஆண் ஹார்மோனைப் பெரிதாக நம்பி வளர்வதல்ல. அம்மா வழியிலோ அப்பா வழியிலோ வந்திருக்கும்.

1961-ல் ஃபெரிமன், கால்வே என்ற இருவர் பெண்களின் உடல்முடியை அளக்க ஒரு மதிப்பெண் முறையை வகுத்தார்கள். முதலில் 11 இடங்களைப் பார்த்தார்கள். முன்கையையும் கீழ்க்காலையும் ஒதுக்கிவிட்டு, மேலுதடு, முகவாய், மார்பு, மேல்வயிறு, அடிவயிறு, மேற்கை, தொடை, மேல்முதுகு, கீழ்முதுகு என்ற 9 இடங்களுக்கு மட்டும் இன்று 0 முதல் 4 வரை மதிப்பெண் போடுகிறோம். மெல்லிய பூனைமுடிக்கு மதிப்பெண் கிடையாது. கறுத்துத் தடித்த முடிக்கு மட்டும்தான். கூட்டினால் 8-க்குக் கீழே இருப்பது நம் பெண்களுக்குப் பொதுவாக இயல்பு. தொப்புளுக்குக் கீழே நாலு முடி, உதட்டோரம் கொஞ்சம் இருப்பதெல்லாம் இதற்குள் அடங்கிவிடும்.

பிள்ளை முடியை எடுக்க ஆசைப்பட்டால் தடுக்காதீர்கள். மழித்தால் தடித்து வளரும் என்பது வெறும் பேச்சு. முடியின் நுனி இயல்பாகக் கூர்ந்திருக்கும். பிளேடு பட்டால் வெட்டிய ஈர்க்குச்சி போல மொட்டையாகிவிடும். கைக்குச் சொரசொரப்பது அதனால்தான், வேர் மாறுவதில்லை. வெந்நீரில் நனைத்து, நுரை தடவி, முடி சாய்ந்திருக்கும் திசையிலேயே இழுக்கட்டும். ரேசரை யாரோடும் பங்கிட வேண்டாம்.

வயது 26. ஒரு வருஷமாக முகவாயில் முரட்டு முடி. மாதவிலக்கு 50 நாளுக்கு ஒரு தடவைதான் வருகிறது. பார்லரில் லேசர் செய்யச் சொல்கிறார்கள். செய்யலாமா? (வாசகி, ஃபீனிக்ஸ்)

முதலில் ரத்தப் பரிசோதனை, பிறகு லேசர். 35 நாளுக்கு மேல் தள்ளிப்போகும் மாதவிலக்கோடு முகவாய் முடியும் சேர்ந்தால் பி.சி.ஓ.எஸ். எனப்படும் சினைப்பைக் கோளாறுதான் முதல் சந்தேகம். டெஸ்டோஸ்டிரோன், தைராய்டு, புரோலாக்டின், சர்க்கரை ஆகியவற்றைப் பார்ப்பார்கள். 17-ஹைட்ராக்ஸி புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனுக்கான ரத்தத்தை மாதவிலக்கு தொடங்கிய முதல் சில நாட்களில், காலையிலேயே எடுக்க வேண்டும். நேரம் தவறினால் முடிவும் குழப்பும். கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறீர்களானால் ரத்தம் கொடுக்கும் முன்பே சொல்லுங்கள். அது அளவுகளை மாற்றிக் காட்டும்.

மருந்து கொடுத்தாலும் பலன் தெரிய 6 மாதமாவது ஆகும், ஏனென்றால் ஏற்கெனவே வளர்ந்த முடி தன் சுற்றை முடித்தாக வேண்டும். இரண்டு மாதத்தில் அலுத்து நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். ஆண் ஹார்மோனைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரையை எழுதித் தந்தால் கருத்தடையும் கட்டாயம். ஆண் கருவின் வளர்ச்சியை அது பாதிக்கக்கூடும்.

லேசரில் நம் நிறத்துக்கு ஏற்றது 1064 நானோமீட்டர் என்.டி. யாக் வகை. 755 நானோமீட்டர் அலெக்சாண்டிரைட் வகை கருத்த தோலில் தீப்புண்ணும் தழும்பும் உண்டாக்கலாம். எந்த இயந்திரம் என்று கேளுங்கள். பதில் தெரியாத பார்லரில் உட்காராதீர்கள். லேசருக்கு வேர் உள்ளே இருக்க வேண்டும் என்பதால் 4 வாரத்துக்கு முன்பிருந்தே த்ரெடிங், வேக்சிங் கூடாது, மழிக்கலாம். டர்பன் கடற்கரையில் வெயில் காய்ந்து வந்த கையோடு போகாதீர்கள். கன்னத்திலும் கழுத்திலும் உள்ள பூனைமுடியில் லேசரைப் பட விடாதீர்கள். நம் தோல் நிறத்தவர்களில் சிலருக்கு அங்கே முடி தடித்தே வளர்ந்துவிடுகிறது.

முடி சில மாதங்களுக்குள் மளமளவென்று பெருகினாலோ, குரல் கனத்தாலோ, முன்தலை வழுக்கை விழுந்தாலோ, அந்த வாரமே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கட்டி இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். மதிப்பெண் 8-ஆ 10-ஆ என்பதைவிட இந்த வேகம்தான் எங்களைக் கவலைப்பட வைக்கும்.

52 வயது. மாதவிலக்கு நின்றபின் முகவாயில் நாலைந்து முடி முளைக்கிறது. (வாசகி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

ஈஸ்ட்ரோஜன் குறைந்ததன் விளைவு, நோயில்லை. இடுக்கியால் பிடுங்கிவிடுங்கள்.

சந்தையில் வாங்கிய வெளுப்பு கிரீம் பூசியதிலிருந்து கன்னமெல்லாம் முடி. (வாசகி, டொங்காட்)

அதில் ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்பு அதிகம். வீரியமான ஸ்டீராய்டை மாதக்கணக்கில் முகத்தில் பூசினால் தோல் மெலியும், ரத்தக் குழாய் தெரியும், முடியும் முளைக்கும். தோலை வெளுக்க வைக்கும் ஹைட்ரோகுயினோன் என்ற ரசாயனத்தை அழகுக் கிரீம்களில் தென்னாப்பிரிக்கா 1990-லேயே தடை செய்தும் திருட்டுச் சரக்கு ஓயவில்லை. ஒரேயடியாக நிறுத்தினால் முகம் சிவந்து எரியலாம். டியூபைக் கையோடு கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டி, அவர் சொல்லும் முறையில் படிப்படியாகக் குறையுங்கள். முடி பெரும்பாலும் சில மாதங்களில் தானே உதிர்ந்துவிடும். அதுவரை வேக்சிங் வேண்டாம். மெலிந்த தோல் உரிந்து வந்துவிடும்.