கேள்வி-பதில்: மீத்தேனுக்குப் பூர்வீகம் எது?

கடலடி வெந்நீர் ஊற்றுகளைப் பற்றி எழுதியபோது, அங்கே வரும் மீத்தேனில் பெரும்பகுதியை எந்த உயிரும் உண்டாக்கவில்லை என்று போகிற போக்கில் ஒரு வரி போட்டிருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் கடிதங்கள் வந்து குவிந்திருக்கின்றன. சரி, மற்ற கேள்விகளுக்கெல்லாம் இந்த முறை லீவு.

செம்பூர், கல்லூரி மாணவி: சார், மீத்தேன் என்றால் ஒரு கார்பன், நாலு ஹைட்ரஜன், அவ்வளவுதான். எங்கள் பக்கத்து தேவ்நார் குப்பைமேட்டிலிருந்து கிளம்புவதும் அதே, அடுப்பில் எரியும் பைப் கேஸும் அதே. எது எங்கிருந்து வந்தது என்று எப்படிப் பிரித்துச் சொல்கிறார்கள்?

கார்பனிலேயே இரண்டு ரகம் இருக்கிறதம்மா. நூற்றுக்குக் கிட்டத்தட்ட 99 அணுக்கள் கார்பன்-12; மீதி ஒன்று சொச்சம் கார்பன்-13, ஒரு நியூட்ரான் கூடுதலாக, கொஞ்சம் கனமாக இருக்கும். குப்பைக்குள் காற்று புகாத இடத்தில் மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் லேசான கார்பனைத்தான் முந்தி எடுத்துக்கொள்ளும், அதன் பிணைப்பை உடைப்பது சற்றே சுலபம் என்பதால். ஆகவே அவை வெளிவிடும் மீத்தேனில் கார்பன்-13 குறைந்துபோகிறது. வாயுவை எரித்து கார்பன் டை ஆக்சைடாக்கி, நிறை அளக்கும் கருவியில் 44 எடையுள்ள மூலக்கூறு எத்தனை, 45 எத்தனை என்று எண்ணிவிடுவார்கள். அதைத் தென் கரோலினாவின் பீ டீ பாறையில் கிடைத்த ஒரு புதைபடிவச் சுண்ணாம்பை அடிப்படையாகக் கொண்ட அளவுகோலோடு ஒப்பிட்டு, ஆயிரத்துக்கு இத்தனை கூடுதல் அல்லது குறைவு என்பார்கள். மீத்தேன் அந்தச் சுண்ணாம்பைவிட லேசு, அதனால் எண்கள் மைனஸில்தான் வரும்.

நுண்ணுயிர் மீத்தேன் பொதுவாக மைனஸ் 50க்குக் கீழே, சில இடங்களில் மைனஸ் 100ஐயும் தாண்டிவிடும். பழைய கரிமப் பொருள் பூமிக்குள் வெந்து உண்டாகும் எண்ணெய்க் கிணற்று வாயு, பெரும்பாலும் மைனஸ் 50க்கும் 30க்கும் நடுவில். கிழக்குப் பசிபிக் முகடு என்ற கடலடி மலைத்தொடரில் 21 டிகிரி வடக்கில், 1979இல் முதன்முதலாகக் கரும்புகை ஊற்றுகளை (கரும்புகைபோல் வெந்நீரைக் கக்குபவை) பார்த்தார்களே, அங்கே அளந்தால் மைனஸ் 15 முதல் 18 வரை. அட்லாண்டிக்கில் 2000ஆம் ஆண்டு கண்டுபிடித்த லாஸ்ட் சிட்டி ஊற்றில் அதைவிடக் கனம், மைனஸ் 9 முதல் 14 வரை.

மாட்டுங்கா வாசகர்: அப்போ மைனஸ் 20க்கு மேலே வந்தால் உயிர் சம்பந்தம் இல்லை, கீழே வந்தால் உண்டு. இவ்வளவு சுலபமா?

இவ்வளவு சுலபமாக இருந்தால் நாற்பது வருஷமாக ஏன் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்? மீத்தேனைத் தின்னும் நுண்ணுயிர்களும் உண்டு, அவையும் லேசானதைத்தான் முதலில் காலி செய்யும், மிச்சம் கிடப்பது கனமாகிவிடும். இன்னொன்று, கார்பனே பஞ்சமாக இருக்கிற இடத்தில் நுண்ணுயிருக்குத் தேர்ந்தெடுக்க வழியில்லை, கிடைத்ததையெல்லாம் தின்று தீர்த்தால் அதன் மீத்தேனும் கனமாகத்தான் வரும். லாஸ்ட் சிட்டி அப்படிப்பட்ட பஞ்சப் பிரதேசம், போதாததற்கு அங்கே ஊற்றின் வாயில் கனிமம் படிந்து எழும்பிய சிம்னிக்குள்ளேயே ஆர்க்கியா நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. கலிபோர்னியா வளைகுடாவின் குவாய்மஸ் பள்ளத்தில் கதை வேறு: நூற்றுக்கணக்கான மீட்டர் வண்டலைத் துளைத்துக்கொண்டு வெந்நீர் வருகிறது, அந்த வண்டலின் கரிமப் பொருள் வெந்து மீத்தேன் மைனஸ் 40களுக்கு இறங்கிவிடுகிறது. ஒற்றை எண்ணை வைத்துத் தீர்ப்பு சொல்பவரை நான் நம்பமாட்டேன்.

அணுசக்தி நகர், ஓய்வுபெற்றவர்: கார்பன்-14 பார்த்தார்களா? கடல்நீரின் கரியமில வாயுவும் பாறையிலிருந்து வரும் ஹைட்ரஜனும் ஊற்றுக்கு அடியில் சேர்ந்து மீத்தேன் ஆகிறது என்றுதான் படித்திருக்கிறேன்.

உங்களுக்குப் போய் ஐசோடோப் சொல்வது திருநெல்வேலிக்கே அல்வா கொடுப்பது, இருந்தாலும் மற்றவர்களுக்காக விரிவாகவே சொல்கிறேன்.

நீங்கள் படித்ததைத்தான் வெகுநாள் எல்லோரும் சொன்னார்கள். பூமியின் மேலோட்டுக்கு அடியிலுள்ள மேன்டில் பாறையில் ஆலிவின் என்ற பச்சைக் கனிமம் உண்டு. அதில் நீர் பட்டால் செர்பென்டைன் என்ற வேறு கனிமம் ஆகிறது, அதிலுள்ள இரும்பு நீரின் ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ள ஹைட்ரஜன் விடுபடுகிறது. ஹைட்ரஜனும் கரியமில வாயுவும் இருந்தால் மீத்தேன் வரவேண்டியதுதானே? தாளில் வருகிறது. ஆய்வகத்தில் 300 டிகிரியில் வைத்தாலும் நகரமாட்டேன் என்கிறது. 2016இல் வெளியான ஒரு பரிசோதனையில் கார்பன்-13ஆல் அடையாளமிட்ட கார்பனைப் போட்டு ஆலிவினோடு வேகவைத்தார்கள். மீத்தேன் வந்தது, ஆனால் அடையாளம் இருந்தது சொற்பம். மீதியெல்லாம் வேறு மூலங்களிலிருந்து ஏற்கெனவே உள்ளே இருந்த கார்பன்.

கார்பன்-14 விஷயத்துக்கு வருகிறேன். அது காற்றில் உண்டாகி, காலப்போக்கில் தானே சிதைந்து மறையும் கார்பன் ரகம். கடல்நீரின் கார்பனில் அது கொஞ்சமாவது இருக்கும். லாஸ்ட் சிட்டி மீத்தேனில் 2008இல் பார்த்தபோது அறவே இல்லை. அரை ஆயுள் 5,730 வருடம் என்னும்போது, அந்தக் கார்பன் பல பத்தாயிரம் ஆண்டுகளாகக் காற்றைப் பார்க்கவே இல்லை என்று அர்த்தம், ஆகவே அது கடல்நீரினுடையது இல்லை, மேன்டிலிலிருந்து வந்தது. கரீபியன் கடலின் வான் டாம் ஊற்றிலும் 2015இல் இதே முடிவுதான்.

தாதர் ஸ்டேஷனில் இறங்குகிறவரெல்லாம் தாதரில் பிறந்தவரா என்ன? மீத்தேனும் ஊற்றில் வெளியே வருகிறது, அவ்வளவுதான். அது உண்டானது பாறை ஆறிக்கொண்டிருந்த காலத்தில், ஆலிவின் படிகத்துக்குள் மாட்டிக்கொண்ட கண்ணுக்குத் தெரியாத நீர்க்குமிழிகளில். 2019இல் வந்த ஆய்வில் பல கடல் முகடுகளின் பாறைத் துண்டுகளை லேசர் ஒளியைப் பாய்ச்சி உள்ளே என்ன பொருள் என்று கண்டுபிடிக்கும் ராமன் நிறமாலைக் கருவியில் வைத்துப் பார்த்தார்கள். ஒரு குமிழிக்குள்ளேயே செர்பென்டைன், மேக்னடைட் என்ற இரும்புக் கனிமம், மீத்தேன் மூன்றும் சேர்ந்து கிடந்தன, தண்ணீர் தீர்ந்துபோய். 400 டிகிரிக்குக் கீழே ஆறியபின் லட்சக்கணக்கான வருடம் அவகாசம் கிடைத்தால் ஆய்வகத்தில் நகராத வினையும் நகரும். பின்னாளில் சூடான நீர் அந்தப் பாறையில் புகும்போது வாயுவை வெளியே இழுத்துக்கொண்டு வருகிறது.

இதற்கு இன்னொரு சாட்சியும் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. ஒரே மூலக்கூறில் கார்பன்-13ம் கன ஹைட்ரஜனும் சேர்ந்து உட்கார்ந்திருப்பது எவ்வளவு என்று எண்ணினால், அது எந்த வெப்பத்தில் உண்டானது என்று தெரிந்துவிடும். 2018இல் இப்படி அளந்தபோது, ஊற்றுநீர் 96 டிகிரியானாலும் 370 டிகிரியானாலும் மீத்தேன் காட்டிய சராசரி சுமார் 310 டிகிரிதான். அதாவது, அது உண்டான இடம் ஊற்று இல்லை.

டோம்பிவிலி வாசகி: அவ்வளவு ஆழத்திலிருந்து மேலே கொண்டுவருவதற்குள் வாயு தப்பித்துவிடாதா? கடல்நீர் கலந்துவிடாதா?

தப்பிக்காமலிருக்கத்தான் டைட்டானியத்தில் செய்த, அழுத்தம் குறையாத குப்பி. நீர்மூழ்கியின் இயந்திரக் கை அதன் மெல்லிய மூக்கை ஊற்றின் வாய்க்குள் நுழைக்கும், மூக்கின் நுனியிலேயே வெப்பமானி. எண் ஏறி ஒரே இடத்தில் நின்றபின்தான் வால்வைத் திறப்பார்கள், அதுவும் மெதுவாக, அவசரமாக உறிஞ்சினால் சுற்றியுள்ள குளிர்ந்த நீரையும் சேர்த்து இழுத்துவிடும். அப்படியும் கொஞ்சம் கலக்கத்தான் செய்யும். அதைக் காட்டிக்கொடுப்பது மெக்னீசியம்: கடல்நீரில் கிலோவுக்கு 53 மில்லிமோல் இருக்கும், கொதிக்கும் பாறைக்குள் சுற்றிவந்த ஊற்றுநீரில் அநேகமாக இருக்காது, பாறை பிடித்துக்கொள்கிறது. ஆகவே குப்பியில் மெக்னீசியம் எவ்வளவோ அவ்வளவு கலப்படம். அதைக் கழித்துவிட்டுத்தான் மீத்தேன் கணக்கையே தொடங்குவார்கள்.

தாராவி வாசகர்: நம்ம இந்துமாக் கடலில் இதெல்லாம் இல்லையா?

இருக்கிறது. சென்னை தேசிய கடல் தொழில்நுட்பக் கழகமும் கோவாவின் துருவ, பெருங்கடல் ஆய்வு மையமும் சேர்ந்து, 2024 டிசம்பரில் மத்திய இந்தியப் பெருங்கடல் முகட்டில் 4,500 மீட்டர் ஆழத்தில் ஓர் ஊற்றைப் படம்பிடித்தன. நம் விஞ்ஞானிகள் நேரில் படம்பிடித்த முதல் ஊற்று அது.

சயான் வாசகர்: அந்த கேஸை அப்படியே குழாய் போட்டு மும்பைக்குக் கொண்டுவந்தால் பில்லாவது குறையுமா சார்?

மீத்தேன் நிறைய உள்ள ஊற்று என்று பெயரெடுத்த, அட்லாண்டிக்கின் ரெயின்போவிலேயே ஒரு கிலோ நீருக்கு 40 மில்லிகிராம்தான் தேறும். ஒரு டம்ளர் டீ போடவே எத்தனை கிலோ நீரைக் கறக்க வேண்டும் என்று நீங்களே பாருங்கள், பில்லைப் பற்றி அப்புறம் பேசலாம்.