சாப்ளின் படித்தேன், கொழும்புக்குப் போகவா?

கேள்வி: இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறேன். அம்மா கொழுந்து பறிக்கிறார். அப்பா தோட்டத்துத் தொழிலாளி, மாசி மாதம் வந்தால், மன்மதன் ரதி கதையை ஆடும் காமன் கூத்தில் தப்பு மேளம் அடிப்பார். உயர்தரம் முடித்து, ஆசிரியர் பயிற்சிக்காகப் பத்தனை ஸ்ரீ பாத கல்வியியற் கல்லூரிக்கு இடம் கிடைத்திருக்கிறது. இந்த நேரம் பார்த்து சார்லி சாப்ளினின் சுயசரிதையைப் படித்துத் தொலைத்தேன். அன்றிலிருந்து நடிப்பைத் தவிர வேறு எதிலும் மனம் ஒட்டவில்லை. கல்லூரியை விட்டுவிட்டு கொழும்புக்குப் போய் முயற்சி செய்கிறேன் என்றால் அம்மா அழுகிறார். அங்கே கடையில் வேலை செய்யும் அண்ணன், "பணக்காரன் ஆனபிறகு எப்படியும் கதை எழுதலாம்" என்று சிரிக்கிறார். நான் ஏமாந்துவிட்டேனா அக்கா?

பதில்: ஏமாறவில்லை தங்கச்சி, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். அண்ணன் சிரித்துவிட்டுப் போகட்டும்.

அந்தப் புத்தகத்தில் எல்லாரும் ஞாபகம் வைத்திருப்பது 1916இல் வாரம் 10,000 டொலருக்கு ஒப்பந்தம் போட்ட கதையைத்தான். எனக்கு மனதில் நிற்பது வேறு. ஏழு வயதில் சார்லி அம்மாவோடும் அண்ணன் சிட்னியோடும் லண்டன் லம்பெத்தில் இருந்த ஏழைகள் விடுதிக்குள் போகிறார், போனவுடனேயே அம்மா ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம் என்று பிரித்துவிடுகிறார்கள். பிறகு ஒருநாள் அம்மா, நாங்கள் வெளியே போகிறோம் என்று எழுதிக் கொடுத்துப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறார். போக இடமில்லை. சிட்னியிடம் இருந்த ஒன்பது பென்ஸ் காசில் செர்ரிப் பழம் வாங்கிப் பூங்காவில் உட்கார்ந்து சாப்பிட்டு, பத்திரிகைத் தாளைக் கசக்கி நூல் சுற்றிப் பந்து விளையாடி, மிச்சக் காசுக்குத் தேத்தண்ணி குடித்துவிட்டு, அன்றைக்கே திரும்பவும் அந்த விடுதிக்கே போய்ச் சேர்கிறார்கள். ஒரு நாள் சேர்ந்து இருக்க வேண்டும், அவ்வளவுதான் அம்மாவின் திட்டம்.

இது நம் ஊரில் படிக்கிற பிள்ளையை ஏன் இப்படிப் பிடிக்கிறது என்று எனக்குப் புரிகிறது. லயத்துக் காம்பராவில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டு அறையில், வளர்ந்த பிள்ளைகள் முகவரி எழுதும்போதே கொஞ்சம் தயங்குவார்கள், அம்மா மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகிறவர் என்று சொல்ல வேண்டிய இடத்தில் "தோட்டத்தில் வேலை" என்று மழுப்புவார்கள். உலகமே அறிந்த ஒரு மனிதர், எங்கள் வீட்டில் திங்கட்கிழமை ஆனால் அண்ணனுடைய சூட் அடகுக்குப் போகும், சனிக்கிழமை மீட்போம் என்று கூச்சமே இல்லாமல் எழுதியிருப்பதைப் படித்தால் முதுகு நிமிரத்தான் செய்யும். டியூஷன் காசுக்குக் காதுத் தோட்டை அடகு வைக்காத வீடு நம் பக்கத்தில் எத்தனை இருக்கிறது, சொல்லுங்கள்.

சரி, அந்தத் தெம்போடு அப்படியே பஸ் ஏறலாமா? என்னைக் கேட்டால் வேண்டாம், இப்போது வேண்டாம். காரணமும் அதே புத்தகத்திலேயே இருக்கிறது, படிக்கிற வேகத்தில் தாண்டிப் போயிருப்பீர்கள்.

சிட்னியைத் தேடித் தேடி இன்னொரு தடவை படியுங்கள். பத்திரிகை விற்றவர் அவர், கப்பலில் வேலைக்குப் போய்க் காசு கொண்டுவந்தவர் அவர். ஷெர்லொக் ஹோம்ஸ் நாடகத்தில் வேடம் கிடைத்தபோது சார்லிக்குச் சரியாக வாசிக்கவே வராது, அண்ணன்தான் வசனத்தை வாசித்து வாசித்து மனப்பாடம் பண்ண வைக்கிறார். பிரெட் கார்னோவின் நகைச்சுவை நாடகக் குழுவில் முதலில் சேர்ந்ததும் சிட்னி, 1908இல் தம்பிக்கு ஒரு வாய்ப்புக் கொடுங்கள் என்று கேட்டதும் அவரேதான். அப்புறம், அம்மா அப்பா இரண்டு பேருமே மேடைப் பாடகர்கள். பத்து வயதுக்கு முன்பே சார்லி ஒரு சிறுவர் நடனக் குழுவோடு ஊர் ஊராகப் போனவர். 1913இல் கீஸ்டோன் என்ற சினிமாக் கம்பனி வாரம் 150 டொலருக்குக் கூப்பிடும்போது, மேடையில் ஏறத்தாழ 15 வருடம் உருண்டு புரண்டவராக இருந்தார். வெறுங்கையோடு போய் ஜெயித்தார் என்று நாம்தான் சுருக்கிச் சொல்லிக்கொள்கிறோம், அவர் அப்படி எழுதவில்லை.

இன்னொன்று, புத்தகம் வந்தது 1964இல், அவருக்கு 75 வயது, சுவிட்சர்லாந்தில் ஏரிக்கரையோரம் பெரிய வீட்டில் குடும்பத்தோடு இருந்த காலம். முடிவு தெரிந்தபிறகு எழுதுகிற ஆளுக்கு ஒவ்வொரு பட்டினியும் ஒரு படிக்கட்டாகத் தெரியும். அதே விடுதியில் பக்கத்தில் படுத்திருந்த மற்றப் பையன்களும் பசியோடுதான் கிடந்தார்கள், அவர்கள் கதையை யார் அச்சடித்தார்கள்? அந்த அளவுக்கு உங்கள் அண்ணன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

இப்போது உங்கள் கணக்குக்கு வருவோம். கடைப் பையன்களோடு தங்குகிற அண்ணன் உங்களை அங்கே வைத்துக்கொள்ள முடியாது, தனியாக போர்டிங் எடுக்க வேண்டும். அந்த வாடகைக்கு நீங்களும் ஒரு கடையில் நிற்க வேண்டும், காலையில் இருந்து இரவு வரை நின்றுவிட்டு எந்த ஒத்திகைக்குப் போவீர்கள்? நடிக்க வைக்கிறேன், முதலில் போட்டோவும் காசும் கொடு என்று கேட்கிறவர்களும் அங்கே இருக்கிறார்கள், அவர்களுக்கு உங்கள் வயதுப் பிள்ளைகள்தான் தேவை. கல்லூரியில் தங்க இடமும் சாப்பாடும் இருக்கும், முடித்தால் சம்பளம் வரும். சிட்னி மாதிரி ஒருவர் உங்களைக் கொஞ்ச வருடம் தாங்கிப் பிடிப்பதாக நினைத்துக்கொள்ளுங்களேன். நாடகமும் அரங்கியலும் நம் பாடசாலைகளில் ஒரு பாடம் என்பதையும் மறக்க வேண்டாம்.

அதோடு, மேடைக்காரக் குடும்பம் சாப்ளினுக்கு மட்டும்தானா? உங்கள் அப்பா தப்பு அடிக்கிறவர் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அந்த இடம்தான் கண்ணில் பட்டது. கொழும்பில் தேடப் போகிற மேடை ஒவ்வொரு மாசியும் உங்கள் தோட்டத்திலேயே போடப்படுகிறது. காமன் கூத்தில் ரதி வேடத்தைக்கூட ஆண்கள்தான் கட்டி வந்திருக்கிறார்கள். அடுத்த மாசிக்கு அதை நான் கட்டுகிறேன் என்று அப்பாவிடமும் கூத்து வாத்தியாரிடமும் கேட்டுப் பாருங்கள். பெரியவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள், வீட்டில் ஒரு சண்டையும் வரும், வரட்டும்.

அம்மாவிடம், கல்லூரிக்குப் போகிறேன், நடிப்பையும் விடப்போவதில்லை என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுங்கள், ஒன்றை ஒளித்து வைத்தால் பிறகு அதுவே பிரச்சினை. அண்ணனுக்கு முழுப் புத்தகத்தையும் கொடுக்க வேண்டாம், படிக்க மாட்டார். சிட்னி வருகிற பக்கங்களை மட்டும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்.