சூரியன் எதனால் ஆனது என்று முதலில் சொன்னவர் யார்?

சிசிலியா பெய்ன். 1900இல் இங்கிலாந்தில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படித்தும், பெண் என்பதால் பட்டம் கிடைக்கவில்லை. 1923இல் அமெரிக்காவின் ஹார்வர்ட் வானாய்வகத்துக்குப் போனார்.

நட்சத்திர ஒளியை நிறங்களாகப் பிரித்தால் கிடைக்கும் பட்டைதான் நிறமாலை. அதில் தெரியும் கறுப்புக் கோடுகள், எந்தெந்தத் தனிமங்கள் இருக்கின்றன என்று காட்டும். சூரியனின் நிறமாலையில் இரும்பின் கோடுகள் ஏராளம். அதனால் சூரியனும் பூமியைப் போன்ற கலவைதான் என்று நம்பியிருந்தார்கள்.

சாம்பாரை மோந்து பார்த்தால் முதலில் பெருங்காயம்தான் தெரியும். அதற்காகச் சாம்பார் முழுக்கப் பெருங்காயம் என்று சொல்வோமா? பெரும்பகுதி தண்ணீர்தானே! ஒரு கோடு எவ்வளவு அடர்த்தியாகத் தெரிகிறது என்பதும் அப்படித்தான். தனிமத்தின் அளவு மட்டுமல்ல, வெப்பநிலையும் அதைத் தீர்மானிக்கிறது. சூரியனின் வெப்பத்தில் ஹைட்ரஜன் அணுக்களில் மிகச் சிலவே கண்ணுக்குத் தெரியும் கோடுகளை உண்டாக்கும் நிலையில் இருக்கும். நம் நாட்டு இயற்பியலாளர் மேக்நாத் சாகாவின் சமன்பாட்டைக் கொண்டு இதையெல்லாம் கணக்கிட்ட பெய்னுக்கு, ஹைட்ரஜன் மற்ற எல்லாவற்றையும்விடப் பல மடங்கு அதிகம் என்று தெரியவந்தது.

மூத்த வானியலாளர் ஹென்றி நாரிஸ் ரஸ்ஸல் இதை ஏற்கவில்லை. அதனால் 1925இல் தன் ஆய்வேட்டிலேயே, இந்த முடிவு உண்மையாக இருக்க வாய்ப்பில்லை என்று பெய்ன் எழுத நேர்ந்தது. எனக்கு இன்றும் மனம் வலிக்கும் இடம் இது. 1956இல்தான் ஹார்வர்டில் முழுப் பேராசிரியர் ஆனார்.

ரஸ்ஸல் அவருடைய கண்டுபிடிப்பைத் திருடிவிட்டார் என்று பலர் எழுதுகிறார்கள். உண்மையில் அவர் 1929இல் வேறு வழியில் அதே முடிவுக்கு வந்து, தன் கட்டுரையில் பெய்னின் ஆய்வையும் குறிப்பிட்டிருக்கிறார்.