மகள் நீதிபதி ஆக வேண்டுமா? முதலில் கடனைத் தள்ளி வையுங்கள்

போன ஞாயிறு ஃப்ளஷிங் பிள்ளையார் கோயில் கேண்டீனில் தோசைக்கு வரிசையில் நின்றபோது ஓர் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். லாங் ஐலண்டில் வீடு. மகள் பதினோராம் வகுப்பு. "ஜட்ஜ் ஆகணுமாம் மேடம், அதுவும் ஃபெடரல் கோர்ட்ல. இவரோட அண்ணன் டெக்சாஸ்லேருந்து தினம் போன் பண்றார். டாக்டர் படிப்பு பி.எஸ்.-எம்.டி.ல சேர்த்துவிடு, இல்லன்னா கம்ப்யூட்டர் எடுக்கச் சொல்லு, வக்கீலுக்குப் படிச்சா யார் கட்டிப்பாங்கறார். எனக்குத் தூக்கமே வரல." கணவர் தட்டை ஏந்தியபடி பேசாமல் நின்றார்.

அங்கே "கவலைப்படாதீங்க" என்று சொல்லி அனுப்பினேன். அது போதாது. வீட்டுக்கு வரவழைத்து மகளிடம் தனியாகப் பேசினேன். பள்ளி விடுமுறையில் ஒருநாள் ப்ரூக்ளின் ஃபெடரல் (மத்திய அரசு) நீதிமன்றத்துக்குத் தானே போயிருக்கிறாள். வாசலில் போனை ஒப்படைத்துவிட்டுப் பார்வையாளர் பெஞ்சில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம். அன்று ஒருவருக்குத் தண்டனை அறிவிக்கும் நாள். தீர்ப்புச் சொல்வதற்கு முன், ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று குற்றவாளியை நேராகப் பார்த்து நீதிபதி கேட்க வேண்டும், சட்டமே அப்படி. "அவர் பேச ஆரம்பிச்சதும் ஜட்ஜ் பேனாவக் கீழ வச்சுட்டாங்க ஆன்ட்டி" என்றாள். நோட்டில் மூன்று பக்கம் எழுதி வைத்திருக்கிறாள். உயிரியலில் நல்ல மதிப்பெண்தான். ஆனால் ஒரு மணி நேரப் பேச்சில் உடம்பு, நோய், மருந்து என்று ஒரு வார்த்தை வரவில்லை. இந்தப் பெண்ணை எட்டு வருட மருத்துவப் படிப்பில் கட்டிப் போடுவது தவறு. பெரியப்பாவின் அன்பில் எனக்குச் சந்தேகமில்லை. அவர் சொல்லும் யோசனையை நான் ஏற்கவில்லை.

அதே சமயம் பெற்றோருக்கு ஒன்று தெரிய வேண்டும். அமெரிக்காவின் 94 ஃபெடரல் மாவட்ட நீதிமன்றங்களில் 91-ல் ஆயுள் முழுதும் பதவி வகிக்கும் நீதிபதிகளை அதிபர் நியமனம் செய்கிறார், செனட் வாக்களிக்கிறது. அதற்குத் தேர்வும் இல்லை, கோர்ஸும் இல்லை. அரசியலும் நேரமும் கூடி வர வேண்டும். எந்தக் கல்லூரிக்கு எவ்வளவு கட்டினாலும் அந்த நாற்காலி கிடைக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. சட்டக் கல்லூரிக்கு முன் படிக்கும் இளநிலையில் இன்ன பாடம்தான் படிக்க வேண்டும் என்பதும் இல்லை. 2023-ல் நியூயார்க் தெற்கு மாவட்டத்தின் முதல் தெற்காசிய நீதிபதியான அருண் சுப்பிரமணியன், கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸும் ஆங்கில இலக்கியமும் படித்தவர்.

நம் வீடுகளில் யாரும் பேசாத ஒரு பதவி இருக்கிறது: மாஜிஸ்ட்ரேட் நீதிபதி. ஊரில் நாம் அறிந்த மாஜிஸ்ட்ரேட் வேறு, இது வேறு. 1968 சட்டத்தால் வந்த ஃபெடரல் பதவி இது. அதிபரும் செனட்டும் இதில் வருவதில்லை. காலியிடத்தைப் பகிரங்கமாக அறிவிக்கிறார்கள், தகுதியுள்ள வக்கீல் தானே விண்ணப்பிக்கலாம். குறைந்தது ஐந்து வருடம் வக்கீலாக இருந்திருக்க வேண்டும். வக்கீல் அல்லாத பொதுமக்களும் உள்ள ஒரு குழு விண்ணப்பங்களை அலசிப் பெயர்களைப் பரிந்துரைக்கும், அந்த நீதிமன்றத்தின் நீதிபதிகள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பார்கள். எட்டு வருடப் பதவி, மறுபடியும் நியமிக்கலாம். சம்பளம் மாவட்ட நீதிபதி வாங்குவதில் 92 சதவீதம்.

வேலை என்ன? கைதானவரை முதன்முதலில் கொண்டுவந்து நிறுத்துவது பெரும்பாலும் இவர் முன்னால்தான். பிணையில் விடலாமா, வக்கீல் வைக்க வசதி இருக்கிறதா, மொழி புரிகிறதா என்று பார்ப்பவர் இவர். சோதனை வாரண்ட் கேட்டு நடுராத்திரி போன் வந்தால் எழுந்து படித்துப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும், அல்லது மறுக்க வேண்டும். சிவில் வழக்கில் சமரசம் பேசும் நாளில் ஒரு அறையில் முதலாளி, இன்னொரு அறையில் தொழிலாளி. இருவருக்கும் இடையே நாள் முழுக்க நடப்பார். இரு தரப்பும் சம்மதித்தால் ஜூரி வைத்து விசாரணையும் நடத்துவார். இதையெல்லாம் சொன்னபோது, அதுவரை பேசாத அப்பா, "நாங்க சிட்டிசன்ஷிப் உறுதிமொழி எடுத்ததே ப்ரூக்ளின் கோர்ட்லதான்" என்றார். அங்கே பல நாட்கள் அந்த உறுதிமொழியை எடுக்கவைப்பவர்கள் மாஜிஸ்ட்ரேட் நீதிபதிகளே. 2017-ல் அதே நீதிமன்றத்தில் மாஜிஸ்ட்ரேட் நீதிபதியாகச் சேர்ந்த சங்கேத் புல்சாராவை, 2024-ல் செனட் மாவட்ட நீதிபதியாக ஏற்றது.

இனி பணம். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். நீதிபதி வேலைக்கு ஆளைப் பக்குவப்படுத்துவது கோர்ட்டில் நின்று செய்யும் வேலைகள். சட்டப் படிப்பு முடிந்ததும் ஒரு நீதிபதியின் கீழ் கிளர்க்காக (சட்ட உதவியாளராக) ஓரிரு வருடம், பிறகு அரசு வழக்கறிஞராகவோ ஏழைகளுக்கு வாதாடும் பொது வழக்கறிஞராகவோ சில வருடம். அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி கேத்தன்ஜி பிரவுன் ஜாக்சன் பொது வழக்கறிஞராக இருந்தவர், பிறகு விசாரணை நீதிமன்ற நீதிபதி, அதற்கெல்லாம் பிறகுதான் உச்ச நீதிமன்றம். பெரிய கார்ப்பரேட் நிறுவனம் தரும் சம்பளத்தோடு ஒப்பிட்டால் இவற்றில் கிடைப்பது குறைவு. தலையில் பெரும் கடன் இருந்தால் உங்கள் மகள் அந்த வேலையைத் தொடவே முடியாது. அவள் விரும்புவது ஒன்று, கடன் அவளை இழுத்துப்போகும் இடம் வேறு.

சில முன்னணி தனியார் சட்டக் கல்லூரிகளில் கட்டணம் மட்டுமே வருடத்துக்கு 80,000 டாலரைத் தாண்டிவிட்டது. 2026 ஜூலை முதல் புதிதாகக் கடன் வாங்கும் சட்ட மாணவருக்கு ஃபெடரல் கடன் வருடத்துக்கு 50,000, மொத்தம் 2,00,000 டாலர் என்று வரம்பு வந்திருக்கிறது. மீதிக்குத் தனியார் வங்கிக் கடன். அந்தக் கடனுக்கு அப்பா அம்மா கையெழுத்துப் போடக் கூடாது. இளநிலைக்கு நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகம் (SUNY) அல்லது நகரப் பல்கலைக்கழகம் (CUNY) போதும், உள்ளூர் மாணவருக்குக் கட்டணம் வருடம் சுமார் 7,000 டாலர்தான். சேமிப்பை அப்படியே சட்டக் கல்லூரிக்கு வையுங்கள். அங்கேயும் பெயரைப் பார்க்காமல் உதவித்தொகை தரும் இடத்துக்குப் போங்கள். ஆனால் மதிப்பெண் குறைந்தால் உதவித்தொகையைப் பிடுங்கிக்கொள்ளும் நிபந்தனை இருக்கிறதா என்று கடிதத்தை வரிவரியாகப் படியுங்கள். அரசு வேலையில் இருந்தபடி 120 மாதத் தவணை கட்டினால் மீதி ஃபெடரல் கடனைத் தள்ளுபடி செய்யும் திட்டமும் உண்டு. தனியார் வங்கிக் கடனுக்கு அது கிடையாது.

பி.எஸ்.-எம்.டி. விண்ணப்ப ஆலோசகருக்குக் கட்டுவதாக இருந்த முன்பணத்தை இந்த வாரமே நிறுத்துங்கள். பெரியப்பா அடுத்து போன் செய்யும்போது போனை மகளிடம் கொடுங்கள். அந்த மூன்று பக்கத்தை அவள் படித்துக் காட்டட்டும்.