வாசகர் கேள்வி – பதில்: ஒயிட் சாண்ட்ஸில் ஒரு சாயங்காலம்

கேள்வி: மகன் அமெரிக்காவில், ஆஸ்டினில் வேலை பார்க்கிறான். டிசம்பர் கடைசியில் நானும் மனைவியும் அவனிடம் போகிறோம். எல் பாசோ வரை விமானம், அங்கிருந்து காரில் நியூ மெக்சிகோவின் ஒயிட் சாண்ட்ஸ் தேசியப் பூங்காவுக்குப் போய் சூரிய அஸ்தமனம் பார்க்கலாம் என்கிறான். மனைவிக்கு முழங்கால் வலி, மணல்மேட்டில் ஏறமுடியாது. ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதுமா?
– வாசகர், ஈரோடு

பதில்: போதாது. மூன்று மணி நேரமாவது வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு தூரம் போய்விட்டு, சூரியன் மறைந்ததும் காரைக் கிளப்பிக்கொண்டு வருவதைப்போல வருத்தமான காரியம் வேறில்லை. அங்கே பார்க்கவேண்டியதே அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

சூரியன் மேற்கே சான் ஆண்ட்ரெஸ் மலைகளுக்குப் பின்னால் இறங்கும். எல்லோரும் அந்தப் பக்கமே ஃபோனை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். நீங்கள் திரும்பிக் கிழக்கே பாருங்கள். சேக்ரமென்டோ மலைத்தொடர் ரோஜா நிறத்துக்கு மாறும், அடிவானத்தில் நீலச்சாம்பல் நிறப் பட்டை ஒன்று மெல்ல மேலே ஏறும், அது பூமியின் நிழல். மணல் வெள்ளை என்பதால் வானத்தில் எந்த நிறம் வந்தாலும் அப்படியே வாங்கிக்கொள்ளும். மேட்டின் முகடு இளஞ்சிவப்பாக இருக்கும்போதே பள்ளம் ஊதாவாகியிருக்கும். வெளிச்சம் சாய்ந்து விழுவதால் நண்பகலில் கண்ணுக்கே தெரியாத மணல் வரிகள் ஒவ்வொன்றாகத் தெரியவரும். யூக்கா செடி இருந்தால் அதன் அடியில் குனிந்து பாருங்கள், காற்றில் ஆடிய இலைநுனி மணலில் அரைவட்டம் அரைவட்டமாகக் கீறி வைத்திருக்கும்.

சரி, நேரக் கணக்கு. டிசம்பர் கடைசியில் அங்கே மாலை ஐந்து மணி தாண்டிய கொஞ்ச நேரத்திலேயே சூரியன் மறைந்துவிடும். எல் பாசோவும் பூங்காவும் ஒரே நேரத்தில் ஓடுகின்றன, ஆனால் ஆஸ்டினை விட ஒரு மணி நேரம் பின்னால். மகனின் கைக்கடிகாரத்தை நம்பித் திட்டம் போடாதீர்கள். எல் பாசோவிலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். பன்னிரண்டு மணிக்குக் கிளம்பினால் நிதானமாக இரண்டு மணிக்குள் உள்ளே போய்விடலாம். கிறிஸ்துமஸ் அன்று பூங்கா மூடியிருக்கும். இன்னொன்று, பூங்காவைச் சுற்றி இருப்பது ராணுவத்தின் ஏவுகணைச் சோதனைத் தளம், சோதனை நடக்கும் நாட்களில் நெடுஞ்சாலையையும் பூங்காச் சாலையையும் சில மணி நேரம் அடைத்துவிடுவார்கள். முன்கூட்டியே பூங்காவின் இணையதளத்தில் அறிவிப்பார்கள், முந்தின நாள் மகனைப் பார்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் மனைவி மணலில் ஏறவே வேண்டாம். மேடுகளுக்கு நடுவே 13 கிலோமீட்டர் சாலை போகிறது, காரிலேயே கடைசிவரை போகலாம். வழியில் மணலுக்கு மேலே பலகைப் பாதை ஒன்று போட்டிருக்கிறார்கள், போய்வர அறுநூறு மீட்டர் சொச்சம்தான், படி கிடையாது, சக்கர நாற்காலியே போகும். அஸ்தமன நேரத்துக்குச் சாலையின் உட்கோடிக்குப் போய், மடக்கு நாற்காலியைக் கார் பக்கத்திலேயே விரித்து உட்கார்ந்தால் போதும், சுற்றிலும் வெள்ளை மேடுகள்தான். நீங்களும் மகனும் பூங்கா ஊழியர் மாலையில் கூட்டிப்போகும் நடையில் சேர்ந்துகொள்ளுங்கள். மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பு கிளம்பும், ஒன்றரை கிலோமீட்டர் மெதுவாக நடந்து, ஒவ்வொன்றையும் காட்டிச் சொல்லிக்கொண்டே போவார்கள்.

தண்ணீரையும் சாப்பாட்டையும் கையோடு கொண்டுபோங்கள், நுழைவாயிலைத் தாண்டினால் எதுவும் கிடைக்காது. ஸ்வெட்டர், குல்லா கட்டாயம். பகலில் இதமாக இருந்தாலும் இரவில் நீர் உறையும் குளிர் இறங்கும். வாசல் கதவைச் சூரியன் மறைந்து ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் மூடுவார்கள், அன்றைய நேரத்தை உள்ளே போகும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் பாஸ்போர்ட், அசல். மெக்சிகோ எல்லை பக்கம் என்பதால் நெடுஞ்சாலையில் எல்லைக் காவல் சோதனைச் சாவடி உண்டு, வண்டியை நிறுத்தி எந்த நாட்டவர் என்று கேட்பார்கள். கேட்டதற்குப் பதில் சொல்லி விசாவைக் காட்டினால் ஆயிற்று.

கேள்வி: அந்த மணல் உண்மையிலேயே நாம் வயலில் போடும் ஜிப்சமா?
– வாசகி, விழுப்புரம்

பதில்: ஆமாம், நிலக்கடலைக்கு மண் அணைக்கும்போது போடுகிறோமே, அதேதான். ஜிப்சம் தண்ணீரில் கரையக்கூடியது, மழை பெய்தால் ஆற்றோடு கடலுக்குப் போய்விடும், அதனால் மணலாகக் குவிவது அபூர்வம். டூலரோசா பள்ளத்தாக்கில் வெளியே போக ஆறே கிடையாது. மலையிலிருந்து கரைந்து வந்தது பள்ளத்தில் தேங்கி, தண்ணீர் ஆவியாகி, படிகமாகி, உடைந்து, காற்றில் பறந்து 700 சதுர கிலோமீட்டருக்கு மேல் மேடாகிவிட்டது. கோடையிலும் வெறுங்காலில் நடக்கலாம், சாதாரண மணல் போலச் சுடாது. அதை நம்பித்தான் ஏமாறுகிறார்கள், கால் சுடவில்லை என்றாலும் தலைக்குமேல் வெயில் கொளுத்தும். 2015 ஆகஸ்டில் பிரான்சிலிருந்து வந்த தம்பதி போதிய தண்ணீர் இல்லாமல் நீண்ட நடைப்பாதையில் போய் அங்கேயே இறந்துபோனார்கள், கூட வந்த சிறு மகன் மட்டும் பிழைத்தான். கோடையில் போகிறவர்கள் தயவுசெய்து மாலையில் மட்டும் நடங்கள். எல்லா மேடும் ஒன்றுபோலவே இருக்கும், காற்று காலடியை அழித்துவிடும், இருட்டும்போது காரை நிறுத்திய இடம் கண்ணில் படும் தூரத்திலேயே இருங்கள்.

கேள்வி: பேரப்பிள்ளைகள் மணலில் சறுக்க ஆசைப்படுகிறார்கள், ட்ரோன் வேறு கொண்டுவருகிறார்களாம். அனுமதி உண்டா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: ட்ரோன் கூடாது, வீட்டிலேயே வைத்துவிடச் சொல்லுங்கள். சறுக்கலாம். வட்டமான பிளாஸ்டிக் தட்டு பூங்கா வாசல் கடையிலேயே விற்கும், அடியில் மெழுகு தேய்த்தால்தான் வழுக்கும். செடி இல்லாத சரிவாகவும் அடிவாரத்தில் சாலையோ நிறுத்திய வண்டியோ இல்லாத பக்கமாகவும் பார்த்து உட்காரவையுங்கள். அந்த மணல் பஞ்சு இல்லை, கீழே தரை கெட்டியாக இருக்கும். தலைகுப்புறப் போக விடாதீர்கள்.