பஃப் அடித்த கூர்க்கா கத்தி: பணம் திரும்ப வருமா?

கோவை வாசகர் ஒருவர் எட்டு வருடமாகப் பழைய ராணுவக் கத்திகள் சேகரிக்கிறார். ஐந்து மாதம் முன்பு வடமாநில வியாபாரி ஒருவரிடம் வாட்ஸ்அப்பில் பேசி, 38,000 ரூபாய்க்கு ஒரு குக்ரி (கூர்க்கா வீரர்களின் வளைந்த கத்தி) வாங்கினார். விற்றவர் எழுதியது: "இரண்டாம் உலகப்போர் காலத்து அசல் கூர்க்கா கத்தி. 1943 முத்திரை இருக்கிறது. இத்தாலியில் மோன்டே காசினோவில் சண்டையிட்ட வீரருடையது என்று அவர் குடும்பத்தார் சொல்கிறார்கள்." இவர் துருவை உப்புத்தாளால் தேய்த்து, பட்டறையில் பஃப் அடித்து (சுழலும் சக்கரத்தில் பளபளப்பாக்கி), கிழிந்த பழைய உறையைத் தூக்கிப்போட்டுப் புது உறை தைத்திருக்கிறார். அப்புறம்தான் ஒரு நண்பர் பட்டறைக்கு முந்தைய படங்களைப் பார்த்து, இது சமீபத்தில் செய்து பழசாக்கிய கத்தி என்றாராம். வியாபாரி முதலில் திட்டினார், பிறகு 20,000 தருகிறேன் என்றார். இவர் மறுத்துவிட்டு, அவர் படத்தையும் போன் நம்பரையும் முகநூலில் போட்டுவிட்டார். மோசடி வழக்குப் போட முடியுமா என்று கேட்கிறார்.

நான்கு பக்கக் கடிதத்தில் மூன்று பக்கம் வியாபாரி பேசிய பேச்சைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வருத்தம் புரிகிறது, ஆனால் அதில் வழக்கு எதுவும் இல்லை. வழக்கைத் தீர்மானிப்பது ஒரே கேள்வி: நீங்கள் அந்தப் பொருளை ஏற்றுக்கொண்டுவிட்டீர்களா?

விவரத்தை நம்பி வாங்கிய சரக்கு அந்த விவரத்துக்குப் பொருந்த வேண்டும் என்கிறது 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 15. அது உங்கள் பக்கம்தான். பொருந்தாவிட்டால் திருப்பிக் கொடுத்து முழுப் பணமும் கேட்கலாம். ஆனால் பிரிவு 42 அடுத்து நிற்கிறது. பொருள் இன்னும் விற்றவருடையதுதான் என்று நினைப்பவர் செய்யாத காரியத்தை நீங்கள் செய்தால், ஏற்றுக்கொண்டதாகவே அர்த்தம். நியாயமான காலத்துக்குள் வேண்டாம் என்று சொல்லாவிட்டாலும் அப்படியே. பஃப் அடித்ததும், உறையை எறிந்ததும், ஐந்து மாதம் வைத்திருந்ததும் சேர்ந்தால் அவர் வக்கீலுக்கு வேறு எதுவும் வேண்டாம்.

ஏற்றுக்கொண்ட பிறகும் நஷ்டஈடு கேட்கும் உரிமை இருக்கிறது. சொன்னபடி இருந்திருந்தால் என்ன விலை, இப்போது இருப்பதற்கு என்ன விலை, அந்த வித்தியாசம். இங்கேதான் பலர் விழுகிறார்கள். உங்கள் நண்பர் என்ன சொன்னார்? 1943 என்ற எழுத்து துருவுக்கு மேல் புதிதாக அடித்ததுபோல் தெரிந்தது என்றார். எண்பது வருடத்து முத்திரையாக இருந்தால் எழுத்தின் பள்ளத்துக்குள்ளும் பழைய துரு படிந்திருக்க வேண்டும். அருமையான ஆதாரம். அதைத்தான் பஃப் சக்கரம் அழித்துவிட்டது. இனி எந்த நிபுணர் பார்த்தாலும், "முத்திரை எப்போது அடித்தது என்று சொல்ல முடியாது" என்றுதான் எழுதுவார். போதாக்குறைக்கு, "நான் அனுப்பியது அசல்தான், கெடுத்தது இவர்" என்று வியாபாரியே திருப்பிப் பேசலாம். பழைய சுவர்க்கடிகாரம் வாங்கி, எண்பலகைக்குப் புது வர்ணம் அடித்துவிட்டு என்னிடம் வந்த ஒருவர் தோற்றது இதனால்தான். அவர் சொன்னது உண்மை என்று எனக்குத் தெரியும். நிரூபிக்கக் கையில் ஒன்றும் இல்லை.

ஆகவே பட்டறைக்கு முந்தைய படங்கள்தான் இப்போது உங்கள் சொத்து. அவர் அனுப்பிய படங்கள், பார்சல் பிரித்த வீடியோ, முழு உரையாடல் எதையும் அழிக்காதீர்கள். போனை மாற்றாதீர்கள். பாரதிய சாக்ஷிய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) பிரிவு 63-ன்படி சான்றிதழ் இணைக்காமல் வெறும் ஸ்கிரீன்ஷாட்டை நீட்டினால் எதிர்த்தரப்பு ஆட்சேபிக்கும்.

அந்த உரையாடலில் "1943", "அசல்" இரண்டும் விவரம். "குடும்பத்தார் சொல்கிறார்கள்" என்பது செவிவழிக் கதை. கூர்க்கா படைகள் 1944-இல் காசினோவில் சண்டையிட்டது உண்மைதான், ஆனால் அதனால் இந்தக் கத்தி அங்கே போயிருந்ததாக ஆகாது. சேகரிப்பவர்கள் பெரும்பாலும் கதைக்குத்தான் காசு கொடுக்கிறார்கள். நோட்டீஸில் கதையை விட்டுவிட்டு முதல் இரண்டை மட்டும் பிடியுங்கள்.

நுகர்வோர் ஆணையத்தில் ஒரு சாதகம் உண்டு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி உங்கள் ஊரிலேயே புகார் தாக்கல் செய்யலாம். இந்தத் தொகைக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடம் அவகாசமும் இருக்கிறது. அவ்வளவு தூரத்திலிருந்து வர வேண்டுமே என்று வியாபாரி யோசிப்பார். ஆனால் உங்கள் வாட்ஸ்அப்பில் அவருக்கு நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: "கொஞ்சம் குறைங்க, அடுத்த வருஷம் நானும் இதை விற்கணும்." மறுவிற்பனைக்கு வாங்குபவர் அந்தச் சட்டப்படி நுகர்வோரே அல்ல. விலை பேசுவதற்காகச் சொன்னேன் என்பீர்கள். நம்புகிறேன். ஆணையம் நம்பும் என்று உறுதி தர முடியாது. வருடத்துக்கு நாலைந்து கத்தி விற்கிறேன் என்றும் எழுதியிருக்கிறீர்களே, அது இன்னும் மோசம்.

கிரிமினல் வழக்கு வேண்டாம். விற்கும்போதே பொய் என்று அவருக்குத் தெரிந்திருந்தது என நிரூபிக்க வேண்டும். அவரும் யாரிடமோ வாங்கித்தான் விற்றிருப்பார். சிவில் விவகாரம் என்று ஸ்டேஷனில் திருப்பி அனுப்பவே வாய்ப்பு அதிகம். தவிர, ஒன்பது அங்குலத்துக்கு மேல் அலகு உள்ள குக்ரி ஆயுத விதிகளின் பட்டியலில் வருகிறது. மத்திய அரசு அறிவிக்கை செய்த பகுதிகளில் உரிமம் இல்லாமல் வைத்திருப்பது குற்றம். உங்கள் முகவரி அதில் வருகிறதா என்று பார்க்காமல் கத்தியோடு புகார் கொடுக்கப் போகாதீர்கள்.

முகநூல் பதிவை இன்றே எடுத்துவிடுங்கள். உண்மையைத்தானே சொன்னேன் என்பது கிரிமினல் அவதூறு வழக்கில் தானாகவே காப்பாற்றாது. பொதுநன்மைக்காகச் சொன்னதாகவும் காட்ட வேண்டும். இன்னொன்று, இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன்: போட்ட பணத்தை எடுக்க இந்தக் கத்தியை "1943 அசல்" என்று இன்னொருவர் தலையில் கட்டிவிடாதீர்கள். வியாபாரிக்குத் தெரிந்திருந்ததா என்பது சந்தேகம். உங்களுக்குத் தெரிந்திருப்பது உங்கள் கையெழுத்தோடு இந்தக் கடிதத்திலேயே இருக்கிறது. மோசடி என்ற பிரிவு உங்கள் மேல்தான் சுலபமாக நிற்கும்.

சரி, என்ன செய்வது? அந்த 20,000-ஐ வாங்குங்கள். இந்த நிலைமையில் அது நல்ல தொகை. ஒரு வக்கீல் நோட்டீஸ் அனுப்பினால் 25,000 வரை ஏறலாம், அதற்கு மேல் இழுக்காதீர்கள். பணம் வங்கிக் கணக்கில் வந்த பிறகே கத்தியை அனுப்புங்கள். இரு தரப்புக்கும் இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று மட்டும் எழுதி வாங்குங்கள். "நான் ஏமாற்றினேன்" என்று அவர் கையெழுத்துப் போட வேண்டும் எனக் கேட்டிருக்கிறீர்கள். அந்த வரியை எடுத்துவிட்டு இந்த வாரமே அவருக்குப் பதில் அனுப்புங்கள்.